எஃப்டிபி சர்வரில் வரம்பும் பூட்டும்: கேள்வி பதில்

கோப்புகளை ஏற்றி இறக்க உதவும் எஃப்டிபி சர்வர் மென்பொருளான விஎஸ்எஃப்டிபிடியை லினக்ஸில் ஓட்டுபவர்களின் கேள்விகள் இவை.

கேள்வி: ஆபீஸில் ஆறு பேர். 'மேக்ஸ் பெர் ஐபி' 5 என்று வைத்தேன். இரண்டு பேர் நுழைந்ததுமே மற்றவர்களுக்கு 421 பிழை வருகிறது.

அந்த வரம்பு ஆட்களை எண்ணாது, ஒரே ஐபி முகவரியிலிருந்து வரும் இணைப்புகளைத்தான் எண்ணும். ஃபைல்ஜில்லாவில் (பயனர் கணினியில் ஓடும் எஃப்டிபி கிளையண்ட்) ஃபோல்டர் பார்க்க ஒரு இணைப்பு போகும். கோப்பு அனுப்பத் தொடங்கினால் வழக்கமான அமைப்பில் மேலும் இரண்டு வரை திறக்கும். ஆக ஒருவருக்கு மூன்று. எல்லோரும் ஒரே ரௌட்டர் வழியாக வருவதால் சர்வரின் கண்ணுக்கு ஆறு பேரும் ஒரே ஐபிதான். 18 தேவை, 20 வையுங்கள்.

கேள்வி: வேகத்தைக் கட்டுப்படுத்த 'லோக்கல் மேக்ஸ் ரேட்' 500 என்று கொடுத்தேன். ஒரு சின்னக் கோப்பு கூட ஏறவில்லை.

அதன் அலகு கேபி அல்ல, வினாடிக்கு இத்தனை பைட். 500 பைட் வேகத்தில் 1 எம்பி ஏற 35 நிமிடம் பிடிக்கும். 500 கேபி வேண்டுமென்றால் 512000 என்று எழுதுங்கள். இதுவும் இணைப்புக் கணக்குதான்; ஒரே ஆள் இரண்டு கோப்பைச் சேர்த்து அனுப்பினால் இரண்டு மடங்கு எடுத்துக்கொள்வார். சர்வருக்கே மொத்த உச்சவரம்பு வேண்டுமென்றால் நெட்வொர்க் வேகத்தைக் கட்டுப்படுத்தும் லினக்ஸின் 'டிசி' கருவியில்தான் போட வேண்டும்.

கேள்வி: டிஎல்எஸ் குறியாக்கம் போட்டபின் லாகின் ஆகிறது, ஃபோல்டர் பட்டியல் மட்டும் வராமல் தொங்குகிறது.

பெரும்பாலும் ஃபயர்வால்தான் காரணம். பேசிவ் முறையில் (டேட்டா இணைப்புக்கான போர்ட்டை சர்வரே சொல்லும் முறை) சர்வர் 227 என்று தொடங்கும் பதிலில் ஆறு எண்களை அனுப்பும். முதல் நான்கு ஐபி, கடைசி இரண்டு போர்ட். கடைசியில் 156, 64 என்றிருந்தால் 156 × 256 + 64, அதாவது போர்ட் 40000. முன்பு ஃபயர்வால் இந்தப் பதிலைப் படித்து அந்த போர்ட்டை அந்த நேரத்துக்குத் திறந்துவிட்டது. இப்போது பதில் குறியாக்கத்தில் போகிறது, அதனால் படிக்க முடியாது. நீங்களே 'பேஸ்வ் மின் போர்ட்' 40000, 'பேஸ்வ் மேக்ஸ் போர்ட்' 40100 என்று நிலையாக்கி, அந்த 101 போர்ட்டையும் ஃபயர்வாலில் திறந்துவிடுங்கள். சர்வர் என்ஏடி (NAT) செய்யும் ரௌட்டருக்குப் பின்னால் இருந்தால் 'பேஸ்வ் அட்ரஸ்' வரியில் வெளி ஐபியைக் கொடுங்கள்.

தொங்காமல் 522 பிழை வந்தால் கதை வேறு. கிளையண்ட் லாகினில் உருவான டிஎல்எஸ் செஷனையே டேட்டா இணைப்பிலும் பயன்படுத்தவில்லை என்று அர்த்தம். முதலில் கிளையண்டைப் புதுப்பியுங்கள். சர்வரில் அந்தச் சோதனையை உடனே அணைத்துவிடாதீர்கள். உங்கள் டேட்டா இணைப்பில் இன்னொருவர் வந்து ஒட்டிக்கொள்வதைத் தடுப்பது அதுதான்.

கேள்வி: பயனரை அவர் ஃபோல்டருக்குள்ளேயே அடைக்க குரூட் போட்டதும் '500 ஊப்ஸ்' என்று வெளியே தள்ளுகிறது.

அடைக்கும் ஃபோல்டரின் உச்சியில் பயனருக்கு எழுதும் அனுமதி இருக்கக் கூடாது. இருந்தால் அங்கே அவரே 'இடிசி', 'லிப்' என்று போலி ஃபோல்டர் வைத்து சர்வரை ஏமாற்றப் பார்க்கலாம். அந்த ஃபோல்டரை ரூட்டுக்கு (நிர்வாகி கணக்கு) சொந்தமாக்கி, அனுமதி 755 (உரிமையாளர் மட்டுமே எழுதலாம்) கொடுங்கள். உள்ளே 'அப்லோட்' என்று ஒன்றை உருவாக்கிப் பயனர் பெயரில் மாற்றுங்கள். 'அலவ் ரைட்டபிள் குரூட்' போட்டால் பிழை மறையும், ஓட்டை அப்படியே இருக்கும். எஸ்எஸ்எச் வழியாக ஓடும் எஸ்எஃப்டிபியில் விதி இன்னும் கடுமை: பாதையில் உள்ள ஒவ்வொரு ஃபோல்டரும் ரூட்டுக்குச் சொந்தமாக இருக்க வேண்டும். ஒன்றில் 775 (குழுவும் எழுதலாம்) இருந்தாலே பாஸ்வேர்ட் ஏற்றபின் இணைப்பு அறுந்துவிடும். காரணம் சர்வர் லாகில் மட்டுமே தெரியும்.

கேள்வி: ஒருவருக்கு 10 ஜிபி என்று எங்கே போடுவது?

விஎஸ்எஃப்டிபிடியில் அந்த வசதி இல்லை. டிஸ்க் கோட்டாவில் போடுங்கள்: சாஃப்ட் (கொஞ்ச நாள் தாண்டலாம்) 9, ஹார்ட் (தாண்டவே முடியாது) 10. சாஃப்டைத் தாண்டியபின் வழக்கமான அவகாசம் 7 நாள். அது முடிந்தால் 9 ஜிபியே கதவடைப்பு ஆகிவிடும். இதைப் பயனருக்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: தவறான பாஸ்வேர்ட் போடுபவர்களைத் தடுக்க ஃபெயில்டுபேன் போட்டேன். ஆபீஸ் முழுக்க வெளியே நிற்கிறது.

யாரோ ஒருவரின் பேக்கப் ஸ்கிரிப்டில் பழைய பாஸ்வேர்ட் இருக்கும். 10 நிமிடத்தில் 5 தவறு என்பது அதன் இயல்பு வரம்பு, தடை விழுவது ஐபிக்கு. உங்கள் எல்லோருக்கும் அது ஒன்றுதான். லாகில் எந்தப் பயனர் பெயரில் தோல்வி வருகிறது என்று பார்த்து ஸ்கிரிப்டைத் திருத்துங்கள். பிறகு ஆபீஸ் ஐபியை 'இக்னோர் ஐபி' வரியில் சேருங்கள்.