கையில் 3 லட்சம்தான் இருக்கிறது. குன்னூர்ப் பக்கம் வீடு வாங்கி வாடகைக்கு விட முடியுமா?

மீதியை வங்கி தருமா, வாடகையிலேயே தவணை கட்டிவிடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். இதே கணக்கோடுதான் 2024 டிசம்பரில் அருவங்காட்டுக்கு மேலே ஒரு சிறிய வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்தேன். 3 லட்சம் போதவில்லை.

விலை 28 லட்சம். 30 லட்சம் வரையிலான வீட்டுக் கடனுக்கு வீட்டு மதிப்பில் 90 சதவீதம் வரை தரலாம் என்பது ரிசர்வ் வங்கி விதி. அப்படியானால் நம் பங்கு 2.8 லட்சம்தானே என்று நினைத்தேன். அந்த மதிப்பை எழுதுபவர் வங்கி அனுப்பும் மதிப்பீட்டாளர் என்பது அப்போது உறைக்கவில்லை.

அவர் பனிமூட்டத்தில் வந்தார். டேப்பை விரித்து அளந்தார், பின்னால் இருந்த தடுப்புச் சுவரின் விரிசலில் விரலை விட்டுப் பார்த்தார். தகரக் கூரை போட்ட பின்கட்டைக் காட்டி, "இது அப்ரூவல் பிளானில் இருக்கிறதா சார்?" என்றார். இல்லை. தனியாக வாடகைக்கு விடலாம் என்று நான் மனக்கோட்டை கட்டிய அறை அது. அவர் தாளில் அதற்கு மதிப்பு பூஜ்யம். மொத்தம் 24 லட்சம் எழுதினார், கடன் 21.6 லட்சம்.

அந்த அறிக்கையைக் காட்டிப் பேசிப் பேசி உரிமையாளரை 26 லட்சத்துக்கு இறக்கினேன். அப்படியும் 4.4 லட்சம் இடித்தது. முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமுமாக 9 சதவீதம், அதாவது 2.34 லட்சம் தனி. இதை வங்கி கடனில் சேர்ப்பதில்லை. ஆக 6.74 லட்சம். கையிருப்பு 3 லட்சம் போக, மீதிக்கு மனைவியின் வளையல்கள் அடகுக்குப் போயின.

ஒத்திக்கு விட்டு அந்தத் தொகையால் பள்ளத்தை நிரப்பலாம் என்று நண்பர் ஒருவர் யோசனை சொன்னார். ஒத்தி வாங்கினால் மாத வாடகை வராது, தவணையை எதிலிருந்து கட்டுவது? பத்திரமும் வங்கியிடம் இருக்கிறது. அவர்கள் சம்மதமில்லாமல் செய்தால் வம்புதான்.

தவணை 20 ஆண்டுக்கு, 9 சதவீத வட்டியில், மாதம் சுமார் 19,430 ரூபாய். வாடகை 9,000. மீதி என் சம்பளத்திலிருந்து போகிறது. சீசன் வருமானத்தை நம்பி விருந்தினர் விடுதியாக்கலாம் என்று நீங்களும் நினைக்கக்கூடும். ஏப்ரல், மே தவிர மற்ற மாதங்களுக்கும் தவணை உண்டு. 2024 மே மாதத்திலிருந்து வெளியூர் வண்டிகள் முன் அனுமதி வாங்கும் இ-பாஸ் வேறு வந்துவிட்டது. வெலிங்டன், அருவங்காட்டில் வேலை பார்ப்பவர்களின் குடும்பங்கள்தான் மாதாமாதம் ஒழுங்காகக் கொடுப்பவர்கள்.

கூடலூர்ப் பக்கம் மலிவாக இருக்கிறதே என்று ஆசைப்படாதீர்கள். அங்கே நிறைய நிலம், ஜன்மிகள் என்ற பழைய நில உடைமையாளர்களின் நிலத்தை அரசு எடுத்துக்கொண்ட 1969-ஆம் ஆண்டு ஜன்ம நில ஒழிப்புச் சட்டத்தின் 17-ஆம் பிரிவுச் சிக்கலில் பட்டா இல்லாமல் கிடக்கிறது. பட்டா இல்லையென்றால் வங்கியில் பேச்சே எடுக்க முடியாது.

ஒன்று மட்டும் நான் செய்யத் தவறியதை நீங்கள் செய்யுங்கள். விற்பனை ஒப்பந்தத்தில், வங்கிக் கடன் இவ்வளவுக்குக் குறைந்தால் அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டும் என்று ஒரு வரி எழுதி வாங்குங்கள். என் ஒப்பந்தத்தில் அந்த வரி இல்லை. மதிப்பீட்டாளர் வந்துபோன பிறகு, கொடுத்த ஒரு லட்சம் போய்விடுமே என்ற பயத்தில்தான் வளையல்களைக் கழற்றச் சொன்னேன்.