இறால் குஞ்சுகள் எங்கே போயின? – வாசகர் கேள்வி பதில்

நன்னீர் இறால் வளர்ப்பு பற்றி இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைத்தான் கேட்கின்றன. சினை தெரிந்தது, முட்டை பொரிந்தது, குஞ்சைக் காணோம். இந்த வருத்தம் எனக்கும் நன்றாகத் தெரியும். அதனால் முதல் கேள்விக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

கேள்வி: அக்கா, என் தொட்டியில் ஆறு அமானோ இறால்கள் இருக்கின்றன. அவற்றில் பெரியது ஒரு மாதமாக வயிற்றுக்கு அடியில் முட்டை சுமந்தது. ஒரு நாள் காலையில் பார்த்தால் முட்டை இல்லை, தண்ணீரில் தூசு மாதிரி ஏதோ மிதந்தது. நாலைந்து நாளில் அதுவும் போய்விட்டது. பக்கத்துத் தொட்டியில் செர்ரி இறால் நான் எதுவும் செய்யாமலே பெருகிக்கொண்டிருக்கிறது. எங்கே தப்பு செய்தேன்?

பதில்: நீங்கள் பார்த்த அந்தத் தூசுதான் குஞ்சுகள். உங்கள் பராமரிப்பில் குறை இல்லை. குறை இருந்தால் அந்தத் தாய் ஒரு மாதம் முட்டையைக் காப்பாற்றியிருக்காது. அந்தக் குஞ்சுகளுக்குத் தேவைப்பட்டது கடல். உங்கள் தொட்டியில் அது இல்லை, அவ்வளவுதான்.

எந்த இறால் சினையானாலும் முதலில் முட்டையின் அளவைப் பாருங்கள். செர்ரி இறால் ஒரு தடவைக்கு இருபது, முப்பது முட்டைதான் சுமக்கும். ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு இருக்கும், கண்ணாலேயே எண்ணிவிடலாம். அவ்வளவு பெரிய முட்டைக்குள் உணவாகும் மஞ்சள் கரு போதுமான அளவு இருப்பதால், குஞ்சு தன் வளர்ச்சி முழுவதையும் உள்ளேயே முடித்துக்கொண்டு, தாயை அப்படியே சுருக்கி வைத்தது போல வெளியே வருகிறது. வந்த நிமிஷமே நடக்கும், மேயும். அமானோ சுமப்பது ஆயிரத்திலிருந்து மூவாயிரம் வரை. ஒவ்வொன்றும் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர். இத்தனை சின்ன முட்டையில் மஞ்சள் கரு சீக்கிரம் தீர்ந்துவிடும். அதனால் குஞ்சு அரைகுறை வளர்ச்சியோடு, லார்வாவாகத்தான் பிறக்கிறது.

இயற்கையில் இந்த இறால் இருப்பது ஜப்பான், கொரியா, தைவான் பக்கத்து ஓடைகளில். தாய் ஓடையிலேயே இருக்கும். பிறந்த லார்வா நீரோட்டத்தோடு அடித்துச் செல்லப்பட்டுக் கடலுக்குப் போகும். அங்கே மிதக்கும் நுண்பாசியைத் தின்று, பல முறை சட்டை உரித்து, இறாலின் உருவத்துக்கு வந்த பிறகு ஆற்றில் எதிர்த்து ஏறித் திரும்பி வரும். அரை விரல் நீளம்கூட இல்லாத உயிர் பாறையில் ஒட்டிக்கொண்டு அருவியை ஏறுகிறது என்பதை நினைத்தாலே எனக்கு மனசு நெகிழ்ந்துவிடும். இந்தப் போக்கையும் வரத்தையும் நாம் இரண்டு கண்ணாடிப் பாத்திரங்களில் செய்து காட்ட வேண்டும்.

நான் செய்யும் முறையைச் சொல்கிறேன். சினை முட்டை முதலில் கரும்பச்சையாக இருக்கும். நாலைந்து வாரத்தில் நிறம் வெளுத்துப் பழுப்பாகும். அப்போது பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். ஒவ்வொரு முட்டையிலும் ஊசிமுனை அளவில் இரண்டு கரும்புள்ளி தெரியும். அவைதான் கண்கள். தாய் தன் நீச்சல் கால்களால் விசிறிக்கொண்டே இருக்கும்போது, அந்த ஆயிரம் ஜோடிக் கண்களும் சேர்ந்து ஆடும். அதைப் பார்த்துவிட்டால் பொரிக்கும் நாள் நெருங்கிவிட்டது என்று அர்த்தம்.

தாயைத் தனிப் பாத்திரத்துக்கு மாற்றுங்கள். அதே தொட்டித் தண்ணீரும் ஒரு கொத்து மாஸும் (தொட்டியில் வளர்க்கும் பாசிச்செடி) போதும், ஃபில்டர் வேண்டாம். பொரிப்பு பெரும்பாலும் இரவில் நடக்கும். காலையில் அறையை இருட்டாக்கி, பாத்திரத்தின் ஒரு மூலையில் டார்ச் அடியுங்கள். இரண்டு மில்லிமீட்டருக்கும் குறைவான லார்வாக்கள் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு, துள்ளித் துள்ளி வெளிச்சத்துக்கு வந்து கூடும். ஏர் பம்ப் குழாயால் சைஃபன் செய்து அப்படியே எடுத்துவிடலாம். வலை போடாதீர்கள், நசுங்கிவிடும். தாயைப் பழைய இடத்துக்கு அனுப்பிவிடுங்கள்.

உப்புத் தண்ணீரை இரண்டு நாள் முன்பே கலக்கி, காற்று ஓடவிட்டு வைத்திருக்க வேண்டும். லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் மரைன் சால்ட் (கடல் மீன் தொட்டிக்கான உப்புக் கலவை), அதாவது கடல் நீரில் உள்ள அதே அளவு முழு உப்பு. பாதி உப்பு போட்டால் இளசுக்கு இதமாக இருக்கும் என்று நினைத்து முதல் தடவை நானும் போட்டேன். பத்து நாள் உயிரோடு இருந்தன, வளரவே இல்லை. பிறந்த இரண்டாம் நாள் லார்வாவை நேரடியாக முழு உப்புக்கு மாற்றிவிடலாம், அது தாங்கும். மாற்றாமல் நன்னீரில் விட்டால்தான் நாலைந்து நாளில் பட்டினியால் போய்விடும். உங்கள் தொட்டியில் நடந்தது அதுதான்.

லார்வாப் பாத்திரத்தில் ஏர்ஸ்டோன் (காற்றைப் பொடிக் குமிழிகளாகப் பிரிக்கும் கல்) வேண்டாம். பொடிக் குமிழிகள் லார்வாவின் உடம்பில் ஒட்டி மேலே தூக்கிவிடும். வெறும் குழாயிலிருந்து விநாடிக்கு ஒன்றிரண்டு குமிழி வந்தால் போதும். விளக்கு இருபத்து நாலு மணி நேரமும் எரியட்டும், லார்வாவுக்குத் தீனியாக விடும் கடல் நுண்பாசி வாடாது. வெப்பம் 22-லிருந்து 25 டிகிரி. தண்ணீர் வற்றினால் வெறும் நன்னீரை மட்டும் ஊற்றி ஈடு செய்யுங்கள். ஆவியாவது தண்ணீர்தான், உப்பு உள்ளேயே தங்கிவிடும்.

இனி காத்திருப்பு. 25 நாளில் மாறுவதும் உண்டு, 60 நாள் இழுப்பதும் உண்டு. ஒரே தாயின் குஞ்சுகளுக்குள்ளேயே இந்த வித்தியாசம் வரும். மாறப்போகும் லார்வா கொஞ்சம் சிவந்து, முதுகு வளைந்து தெரியும். திடீரென்று ஒரு நாள் தலைகீழ் நீச்சலை விட்டுவிட்டு, கண்ணாடியிலோ தரையிலோ கால் ஊன்றி நிமிர்ந்து நிற்கும். அரை சென்டிமீட்டர் நீளம், முழு இறால்.

இந்த இடத்தில்தான் நான் பெரிய தப்பு செய்தேன். என் இரண்டாவது முயற்சியில் 38-ம் நாள் ஒன்று நிமிர்ந்து நின்றது. நோட்டில் தேதி போட்டு அடிக்கோடு இட்டேன். இத்தனை நாள் உப்பில் இருந்ததை உடனே எடுக்க மனம் வராமல், இன்னும் நாலைந்து தேறட்டும், சேர்த்து மாற்றலாம் என்று விட்டுவிட்டேன். அந்த வாரக் கடைசியில் அது இளஞ்சிவப்பாகத் தரையில் கிடந்தது. நிமிர்ந்த இறாலுக்குக் கடலில் வேலை இல்லை, அது ஆற்றுக்கு வரத் துடிக்கும். இப்போதெல்லாம் நிமிர்ந்ததைத் தினமும் டிராப்பரால் பொறுக்கி, சின்னக் கிண்ணத்தில் அதே உப்புத் தண்ணீரோடு விட்டு, சில மணி நேரத்தில் நன்னீரைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து மாற்றிவிடுகிறேன். அடுத்த முயற்சியில் பத்தொன்பது கரை சேர்ந்தன. ஆயிரத்தில் பத்தொன்பது என்றால் உங்களுக்குக் குறைவாகத் தெரியலாம். அந்தப் பத்தொன்பதையும் எனக்குத் தனித்தனியாக அடையாளம் தெரியும்.

கேள்வி: சமையல் உப்பு போட்டால் என்ன? பாசிக்கு, ஜன்னலோரம் வைத்த பாட்டிலில் பச்சைத் தண்ணீர் ஏற்கெனவே இருக்கிறது. அதை ஊற்றலாமா?

பதில்: இரண்டுமே கூடாது. சமையல் உப்பு ஏறக்குறைய முழுக்க சோடியம் குளோரைடு. கடல் நீரில் மக்னீசியம், கால்சியம், பொட்டாசியம் எல்லாம் சேர்ந்திருக்கின்றன. லார்வா வாரக்கணக்கில் சட்டை உரித்து உரித்து வளர்கிறது. வெறும் சோடியத்தில் அது நடக்காது.

பச்சைத் தண்ணீர் விஷயத்தில் பலரும் ஏமாறுகிறார்கள். உங்கள் பாட்டிலில் இருப்பது நன்னீர்ப் பாசி. முழு உப்பில் ஊற்றியதும் செத்து, மறுநாள் அடியில் படியும். அது அழுகி அம்மோனியா ஏறும், லார்வா பட்டினியோடு விஷத்தையும் சேர்த்து அனுபவிக்கும். கடல் நுண்பாசிதான் வேண்டும். டெட்ராசெல்மிஸ் எனக்குக் கைகொடுத்தது. அதற்குச் சாட்டை போன்ற நான்கு இழைகள் உண்டு, தானே நீந்தும், அதனால் அடியில் படியாமல் லார்வாவின் வாய்க்கு எட்டும் இடத்தில் இருக்கும். நானோகுளோராப்சிஸ் சுலபமாகக் கிடைக்கிறது, ஆனால் அது மிகப் பொடி. டெட்ராசெல்மிஸோடு கலந்து கொடுத்தால் சரி. தாய்ப்பாசி கொஞ்சம் வாங்கி, உப்புத் தண்ணீர், விளக்கு, காற்று, பாசிக்கான உரக் கரைசல் வைத்து நீங்களே பெருக்கலாம். எப்போதும் இரண்டு பாட்டில் வைத்திருங்கள். ஒன்று கெட்டுப்போகும் நாள் நிச்சயம் வரும்.

கேள்வி: பழைய புத்தகத்தில் கரிடினா ஜபோனிகா, புதியதில் கரிடினா மல்டிடென்டாட்டா. இரண்டும் வேறு இறாலா?

பதில்: ஒன்றுதான், நம் அமானோ. 2006-க்குப் பிறகு மல்டிடென்டாட்டா என்ற பெயரே சரி.

கேள்வி: மேடம், பெரிய நன்னீர் இறாலை, ரோசன்பெர்கி வகையை, வீட்டில் பொரிக்க வைக்க முடியுமா? ஆற்று இறால்தானே, அதற்கு எதற்கு உப்பு?

பதில்: இதே கேள்விதான் அறிவியலையும் பல காலம் தடுத்து நிறுத்தியிருந்தது. ஆற்றில் வாழும் இறாலின் லார்வா நன்னீரில் ஏன் சில நாளில் சாகிறது என்று யாருக்கும் புரியவில்லை. 1960-களின் தொடக்கத்தில் பினாங்கில் ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் நிபுணர் ஷாவ்-வென் லிங்தான் அதற்கு உவர் நீர் தேவை என்று கண்டுபிடித்தார். பிறகு ஹவாயில் தகுஜி ஃபுஜிமுரா அதைப் பெரிய அளவில் பொரிப்பக முறையாக வளர்த்தெடுத்தார். இன்று உலகம் முழுக்க நடக்கும் நன்னீர் இறால் பண்ணைத் தொழில் இந்த இருவரின் தோளில்தான் நிற்கிறது.

இதற்கு அமானோ போல முழுக் கடல் வேண்டாம். ஆயிரத்துக்குப் பன்னிரண்டு பங்கு உப்பு, அதாவது லிட்டருக்குச் சுமார் 12 கிராம் போதும். வெப்பம் 28-லிருந்து 31 டிகிரி. ஆரஞ்சாக இருக்கும் முட்டை சாம்பல் கறுப்பானால் இரண்டு மூன்று நாளில் பொரியும். லார்வா பதினொரு நிலைகளைக் கடக்கும். அதற்குப் பாசி தீனி இல்லை, உயிருள்ள ஆர்டீமியா (உப்பு நீரில் வாழும் பொடி உயிர்) குஞ்சு வேண்டும், அதைத் தினமும் புதிதாகப் பொரிக்க வைக்க வேண்டும். நெருக்கமாக இருந்தால் ஒன்றையொன்று தின்னும். ஒரு தாய்க்குப் பல்லாயிரம் குஞ்சு. அத்தனையையும் வீட்டில் வளர்க்க முயலாதீர்கள். இருநூறை மட்டும் எடுத்துப் பழகுங்கள். எக்காரணம் கொண்டும் மிச்சத்தைக் கொண்டுபோய் ஊர் நீர்நிலையில் விடாதீர்கள்.

கேள்வி: நான் பத்தாம் வகுப்பு படிக்கிறேன். என் செர்ரி இறால் ஒன்று வெள்ளையாகச் செத்துக் கிடந்தது. ஆனால் எண்ணிப் பார்த்தால் எண்ணிக்கை சரியாக இருக்கிறது. எப்படி?

பதில்: தம்பி, அது இறாலே இல்லை, அது கழற்றிப் போட்ட சட்டை. மீசை முதல் வால் வரை அப்படியே இருப்பதால் பயந்திருப்பாய். எடுக்காதே, மற்றவை அதைத் தின்று சுண்ணாம்புச் சத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். எண்ணிப் பார்த்தாய் பார், அந்தப் பழக்கத்தை விட்டுவிடாதே.

கேள்வி: செர்ரி இறால் பெருகுவது சுலபம் என்கிறீர்கள். என் தொட்டியில் பிறக்கின்றன, ஒரு வாரத்தில் மறைந்துவிடுகின்றன. தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கிறது, வாரம் பாதித் தண்ணீர் மாற்றுகிறேன்.

பதில்: அந்தச் சுத்தம்தான் காரணம். பிறந்த குஞ்சு தீனியைத் தேடி ஓடாது. நின்ற இடத்தில் இலை மேல், கல் மேல் படிந்திருக்கும் வழுவழுப்பைத்தான் மேயும். அதைத் தேய்த்துக் கழுவிவிட்டால் அதற்குச் சாப்பாடு இல்லை. மாஸை அடர்த்தியாக விடுங்கள், பின்பக்கக் கண்ணாடியைத் துடைக்காதீர்கள். தண்ணீர் பத்தில் ஒரு பங்கு மாற்றினால் போதும். பாதி மாற்றும்போது ஏற்படும் அதிர்ச்சியில் பெரியவையே நேரம் தவறிச் சட்டை உரிக்கும், உடம்பு நடுவில் வெள்ளை வளையம் விழுந்து செத்துப்போகும். ஃபில்டர் உறிஞ்சும் வாயில் ஸ்பாஞ்ச் மாட்டியிருக்கிறீர்களா? இல்லையென்றால் இன்றே மாட்டுங்கள். மீனுக்குப் போடும் மருந்தில் செம்பு இருந்தால் அது இறாலுக்கு விஷம், லேபிளைப் படிக்காமல் ஊற்றாதீர்கள்.

கேள்வி: முதல் முறை சினையான செர்ரி, முட்டைகளை உதிர்த்துவிட்டது. பொறுக்கி எடுத்துப் பொரிக்க வைக்கலாமா?

பதில்: வெள்ளைப் பஞ்சு பிடிக்காத முட்டையாக இருந்தால் மெல்லிய வலைத் துணியில் போட்டு, கீழே குமிழி ஓடவிட்டு உருட்டிக்கொண்டே வைத்துப் பார்க்கலாம். சில பிழைக்கும். முதல் சினையில் உதிர்ப்பது சகஜம். அடுத்த முறை கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும்.

கேள்வி: அக்கா, என் அமானோ முட்டையில் இப்போது கண் தெரிகிறது. உப்பு வாங்கிவிட்டேன், பாசி இன்னும் வரவில்லை. இன்று ராத்திரியே பொரிந்துவிட்டால்?

பதில்: பாசி இல்லாமல் இந்த முறை பொரியும் குஞ்சுகளைக் காப்பாற்ற முடியாது. வருத்தமாகத்தான் இருக்கும். ஆனாலும் தாயைத் தனியே எடுத்து, பொரிந்ததும் டார்ச் அடித்துப் பாருங்கள். குழாயில் எடுப்பதைப் பழகிக்கொள்ளுங்கள், உப்பை அளந்து கலக்கிப் பாருங்கள். தாயைப் பத்திரமாகத் திருப்பி விட்டு நன்றாகத் தீனி கொடுங்கள். அடுத்த சட்டை உரித்ததும் மறுபடி சினையாகும். அன்றிலிருந்து உங்களுக்கு ஒரு மாதம் இருக்கிறது. டெட்ராசெல்மிஸ் இரண்டு பாட்டில் பச்சையாக அது போதும். பொரிந்ததும் தேதி குறித்து எழுதுங்கள்.