பெரிய விபத்துக்கு முன்னாலேயே பாடம் கையில் இருந்தது

செர்னோபில், ஃபுகுஷிமாவுக்கு அப்புறம் அணுமின் நிலையங்களின் பாதுகாப்பு உண்மையிலேயே கூடியிருக்கிறதா, இல்லை வெறும் அறிக்கைதானா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடியிருக்கிறது. ஆனால் எனக்கு உறுத்துவது வேறு. பேர் போன விபத்துகளை எடுத்துப் பார்த்தால், அதே கோளாறு அதற்கு முன்னாலேயே வேறெங்கோ சின்ன அளவில் தலைகாட்டிவிட்டு, அங்கேயே அமுங்கிப் போயிருக்கிறது.

1979 மார்ச்சில் அமெரிக்காவின் த்ரீ மைல் தீவில் அழுத்தம் குறைக்கும் வால்வு ஒன்று திறந்தபடியே சிக்கிக்கொண்டது. கட்டுப்பாட்டு அறை விளக்கு காட்டியது, மூடச் சொல்லும் கட்டளை போய்விட்டது என்பதை மட்டும்தான். வால்வு மூடியதா என்பதை அல்ல. மூடிவிட்டது என்று நம்பிய ஆபரேட்டர்கள் உலைக்குப் போன அவசரத் தண்ணீரைக் குறைத்தார்கள், உலையின் உள்பகுதி ஏறக்குறைய பாதி உருகிவிட்டது. 1977 செப்டம்பரில் ஒஹாயோவின் டேவிஸ்-பெஸ்ஸி நிலையத்திலும் இப்படியே வால்வு சிக்கி, அங்கேயும் தண்ணீரைக் குறைத்திருந்தார்கள்; உலை மிகக் குறைந்த திறனில் ஓடிக்கொண்டிருந்ததால் தப்பித்தது. த்ரீ மைல் தீவு ஆட்களுக்கு அந்தச் சேதி போய்ச் சேரவில்லை. செர்னோபிலும் அப்படித்தான். உலையின் வேகத்தை அடக்க இறக்கும் கட்டுப்பாட்டுக் கோல்களோடு சேர்ந்திருந்த கிராஃபைட் பகுதியால், கோலை இறக்கும் முதல் சில நொடிகளில் உலையின் வேகம் குறைவதற்குப் பதில் கூடலாம் என்பது 1983-லேயே அதே வகை உலை இருந்த லிதுவேனியாவின் இக்னலினா நிலையத்தில் தெரிந்துவிட்டது. 1986 ஏப்ரல் 26 இரவு வேலையில் இருந்தவர்களுக்குத் தெரியாது.

நான் அணு விஞ்ஞானி இல்லை, டெல்லியில் கட்டடங்களுக்கு மின்வேலை பார்க்கிறவன். அதனால் எனக்கு நன்றாகப் புரிவது நரோரா அணுமின் நிலையத்தில் நடந்தது. நம் ஆட்களில் பலர் அந்தப் பேரையே கேள்விப்பட்டதில்லை, இத்தனைக்கும் இங்கிருந்து காரில் சில மணி நேரம்தான், உத்தரப் பிரதேசத்தில் கங்கைக் கரையில் இருக்கிறது. 1993 மார்ச் 31 விடியற்காலையில் முதல் அலகின் டர்பைனில் கடைசி வரிசை பிளேடுகள் இரண்டு ஒடிந்தன. அந்த ஆட்டத்தில் ஜெனரேட்டரைக் குளிர்விக்கும் ஹைட்ரஜன் கசிந்து தீப்பிடிக்க, எண்ணெயும் சேர்ந்து எரிந்தது. ஒரு நிமிடத்துக்குள் உலையை நிறுத்திவிட்டார்கள். ஆனால் நிறுத்திய உலையும் சூடு விட்டுக்கொண்டேதான் இருக்கும், அதற்குத் தண்ணீர் ஓடியாக வேண்டும், பம்புக்கு மின்சாரம் வேண்டும். முதன்மை மின்சாரக் கேபிளும் மாற்றுக் கேபிளும் நடுவில் தீத்தடுப்பு இல்லாமல் ஒரே வழியில் போயிருந்தன, இரண்டும் போச்சு. சுமார் 17 மணி நேரம் மின்சாரம் இல்லை. புகை சூழ்ந்து கட்டுப்பாட்டு அறையையே காலி செய்ய வேண்டியதாயிற்று. சிலர் இருட்டில் டார்ச்சோடு மேலே ஏறி, வால்வுகளைக் கையால் திறந்து, அணுவினையை அடக்கும் போரான் கரைசலை உலைக்குள் இறக்கினார்கள். டீசலில் ஓடும் தீயணைப்பு பம்பை வைத்து நீராவி ஜெனரேட்டர்களுக்குத் தண்ணீர் ஏற்றினார்கள். கதிரியக்கம் வெளியே வரவில்லை என்றால் காரணம் அந்த மனிதர்கள்.

சரி, கேபிள் தீ அப்போது யாருக்கும் தெரியாத ஆபத்தா? 1975-லேயே அலபாமாவின் பிரவுன்ஸ் ஃபெர்ரி நிலையத்தில், கேபிள் போகும் ஓட்டையில் காற்று கசிகிறதா என்று மெழுகுவத்தியைப் பிடித்துப் பார்த்திருக்கிறார்கள் (ஆமாம், மெழுகுவத்திதான்), ஓட்டையை அடைத்திருந்த நுரை பற்றிக்கொண்டு 1,600 கேபிள் வரை நாசம். அதற்குப் பிறகு அமெரிக்காவில் மாற்று ஏற்பாட்டின் கேபிளைப் பிரித்துத்தான் போட வேண்டும் என்று விதியே வந்தது. இன்றைக்கும் நான் போகிற புதுக் கட்டடங்களில் மாடிக்கு மாடி கேபிள் ஏறும் எலக்ட்ரிகல் ஷாஃப்டைத் திறந்தால், மெயின் கேபிளும் டீசல் ஜெனரேட்டர் கேபிளும் ஒரே ட்ரேயில் ஒன்றாகக் கட்டிக் கிடக்கும், ஸ்லாப் ஓட்டை அடைக்கப்படாமல் கீழ்த்தளம் வரை தெரியும். கேட்டால் ஃபோர்மேன், "இருக்கிற எடத்துல ரெண்டு ட்ரே எங்க சார் போடுறது" என்பார். நரோராவின் வரைபடத்தைப் பார்த்தவர்களிடமும் யாரோ இதைத்தான் சொல்லியிருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

ஃபுகுஷிமா கதை பலருக்கும் தெரியும் என்பதால் சுருக்கமாக: 2004 சுனாமியில் கல்பாக்கத்தின் பம்ப் ஹவுஸுக்குள் கடல் நீர் புகுந்தது, ஓடிக்கொண்டிருந்த உலையைப் பத்திரமாக நிறுத்தினார்கள், அடுத்த ஆண்டு அங்கேயே வெள்ள ஆபத்து பற்றி சர்வதேசப் பயிலரங்கும் நடந்தது. ஃபுகுஷிமாவை நடத்திய நிறுவனத்தின் சொந்தக் கணக்கே 2008-ல் 15.7 மீட்டர் அலை வரலாம் என்று சொல்லியிருந்தது. அப்படியும் 2011 மார்ச் 11 அன்று டீசல் ஜெனரேட்டர்களில் பெரும்பாலானவை அடித்தளத்தில்தான் இருந்தன, சுனாமி நீர் புகுந்ததும் அவை நின்றுபோயின. நிலநடுக்க மையத்துக்கு இன்னும் பக்கத்தில் இருந்த ஓனகாவா நிலையம் மேட்டில் கட்டப்பட்டிருந்ததால் தப்பித்தது. அதற்குப் பிறகு நம் நிலையங்களில் வெளியிலிருந்து தண்ணீர் ஏற்றுவதற்கான குழாய் இணைப்புகளை வைத்தார்கள். நரோராவில் அன்றைக்குக் கைக்குக் கிடைத்ததை வைத்துச் செய்த வேலைதான், இப்போது முறைப்படி.

இப்போது கணினி ஊடுருவல் பக்கம். 2019 அக்டோபரில் கூடங்குளத்தில் மால்வேர் (கணினிக்குள் திருட்டுத்தனமாகப் புகும் மென்பொருள்) என்று செய்தி வந்ததும் முதலில் மறுத்தார்கள், மறுநாளே நிர்வாக வேலைக்கான கணினி ஒன்றில் இருந்தது, உலையை இயக்கும் நெட்வொர்க் தனி என்று ஒப்புக்கொண்டார்கள். தனி என்பது நல்லதுதான். ஈரானின் நடான்ஸ் யுரேனியம் செறிவூட்டும் ஆலையிலும் தனியாகத்தான் வைத்திருந்தார்கள், ஸ்டக்ஸ்நெட் என்ற மால்வேர் பென்டிரைவ் வழியாகப் போய்ச் சேர்ந்தது. அதனால் கூடங்குளம் விஷயத்தில் எனக்கு இருப்பது ஒரே கேள்வி: அது அந்தக் கணினிக்குள் எப்படி வந்தது என்பதைத் தாராப்பூர், கைகா போன்ற மற்ற அணுமின் நிலையங்களில் உள்ள ஐடி ஆட்களுக்கு விவரமாகச் சொன்னார்களா?