நடுங்குகிற புதுக் காரைத் திருப்பிக் கொடுக்கலாமா?

கேள்வி: சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு தமிழ்ப்பள்ளி ஆசிரியை எழுதுகிறார். தோட்டத்தில் வேலை செய்து ஓய்வு பெற்ற கணவரின் சேமநிதிப் பணத்தை முன்பணமாகக் கட்டி, மீதிக்கு வங்கிக் கடன் எடுத்து, நான்கு மாதங்களுக்கு முன் ஒரு புது மின்சாரக் கார் வாங்கினார். விலை 1,28,000 வெள்ளி. கடனுக்குத் தம்பி ஜாமீன். வண்டி 80 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் ஸ்டியரிங்கும் சீட்டும் அதிர்கின்றன. ஈப்போ சர்வீஸ் சென்டருக்கு மூன்று முறை கொண்டுபோனார். முதலில் "மின்சாரக் கார் இப்படித்தான்" என்றார்கள். கடைசியாக "தோட்டத்துச் சாலையில் ஓட்டியதால் ரிம் அடிபட்டிருக்கும்" என்றார்கள். காரை விற்ற பையன் போன் எடுப்பதில்லை, அக்கம்பக்கத்தார் கேலி பேசுகிறார்கள். காரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுத்த மாதத் தவணையை நிறுத்தலாமா, புதுக் கார் கேட்டு வழக்குப் போடலாமா என்று கேட்கிறார்.

பதில்:

டீச்சர், உங்கள் கடிதம் நான்கு பக்கம். அதில் மூன்று பக்கம் விற்பனைப் பையனைப் பற்றியது. அவர் போன் எடுக்காதது, ஷோரூமில் உங்களை உட்காரக்கூடச் சொல்லாதது எல்லாம் மனத்தை வருத்தும்தான். வழக்கில் அவற்றுக்கு இடமில்லை. அக்காள் மகன் எடுத்த வீடியோவை டிக்டாக்கில் போட வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். போட்டால் உங்கள் புகார் ஒரு பக்கம் கிடக்க, அவர்கள் உங்கள்மேல் மானநஷ்டம் என்று கிளம்புவார்கள்.

சர்வீஸ் சென்டர் ஒவ்வொரு முறையும் எழுதித் தந்த வேலைத் தாள், அதாவது ஜாப் ஷீட், நீங்கள் அனுப்பிய அந்தப் படங்களுக்கு வருகிறேன். முதல் தாளில் "அதிர்வு, ரோட் டெஸ்ட் ஓகே" என்று இருக்கிறது. இரண்டாவதில் "வீல் பேலன்சிங்" என்று மட்டும். மூன்றாவதில் "டயர் ரொட்டேஷன்". நீங்கள் மூன்று முறை அதிர்வுக்காகப் போனீர்கள். காகிதத்தில் ஒரே ஒரு முறைதான் போயிருக்கிறீர்கள். மற்ற இரண்டும் வழக்கமான பராமரிப்புக்குப் போனதுபோல் நிற்கின்றன, அவற்றின் கீழே உங்கள் கையெழுத்தும் இருக்கிறது. இந்த வழக்கே இதில்தான் இருக்கிறது.

காரணம் இது. மலேசியாவின் 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம், பிரிவு 32, விற்கும் பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்கிறது. ஆனால் பிரிவு 41 உங்களை நேராகப் புதுக் காருக்குத் தாவ விடாது. சரிசெய்யக்கூடிய குறை என்றால், நியாயமான காலத்துக்குள் சரிசெய்ய விற்றவருக்கு முதலில் வாய்ப்புத் தர வேண்டும். அவர் மறுத்தால், அலட்சியம் செய்தால், அல்லது செய்தும் முடியாமல் போனால்தான் காரை நிராகரிக்கும் உரிமை உங்களுக்கு வரும். மூன்று முறை கேட்டும் முடியவில்லை என்று காட்டினால் நீங்கள் அந்தப் படியில் நிற்கிறீர்கள். ஒரே முறை என்றால் இன்னும் வாசலில்தான் நிற்கிறீர்கள்.

பிரிவு 43 என்று இன்னொன்றும் இருக்கிறது. நியாயமான காலத்துக்குள் நிராகரிக்காவிட்டால் அந்த உரிமை போய்விடும். கைக்கு வந்த பிறகு வேறு காரணத்தால் பொருள் சேதமானாலும் போய்விடும். "தோட்டத்துச் சாலை" என்று அவர்கள் சொல்வது வாய்க்கு வந்த சாக்கு இல்லை. இந்தப் பிரிவை நோக்கித்தான் காய் நகர்த்துகிறார்கள்.

அதனால் அதிர்வு எங்கிருந்து வருகிறது என்பது மெக்கானிக்கின் கேள்வி மட்டும் இல்லை. நெடுஞ்சாலையில் அது வரும் வேகத்தில் போகும்போது ஆக்சிலரேட்டர் மிதியிலிருந்து காலை எடுங்கள். வேகம் குறைவதற்குள் அதிர்வும் நின்றுவிட்டு, மறுபடி மிதித்ததும் வந்தால், மோட்டாரின் சுழற்சியைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் டிரைவ் ஷாஃப்ட், அதன் மூட்டு, மோட்டாரைத் தாங்கும் மவுண்ட் இவற்றில் ஒன்றைச் சந்தேகிக்கலாம். அதைச் சாலைப் பள்ளத்தின் தலையில் கட்டுவது அவர்களுக்குக் கஷ்டம். கால் எடுத்த பிறகும் அதே வேகத்தில் அதிர்ந்துகொண்டே இருந்தால், டயர், ரிம், பேரிங் பக்கம். அங்கேதான் பள்ளம் என்ற வாதம் நிற்கும். டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்கம் இருக்கும், 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-வது வாரம் செய்த டயர். நான்கு டயரையும் படம் எடுத்து வையுங்கள். கார் விற்பனைக்கு முன்பே யார்டில் மாதக்கணக்கில் அசையாமல் நின்று டயர் ஒரு பக்கம் தட்டையாகியிருந்தால், அந்தத் தேதி உங்களுக்கு உதவும். வாரண்டிப் புத்தகத்தில் டயர் இல்லை என்பார்கள், இருக்கட்டும். அவர்கள் விற்றது டயரோடு சேர்ந்த கார். இந்தச் சட்டம் தரும் உரிமையை ஒப்பந்தத்தில் எழுதி எடுத்துவிட முடியாது.

"மின்சாரக் கார் இப்படித்தான்" என்ற பேச்சுக்கு மயங்காதீர்கள். எஞ்சின் துடிப்பு இல்லாத வண்டியில் சின்ன அதிர்வும் தெரியும் என்பது உண்மை. அதற்காக அதிர்வது அதன் இயல்பு ஆகிவிடாது.

சரி, இப்போது தவணைக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் என்னைப் பயமுறுத்தியது அந்த ஒரு வரிதான்.

நிறுத்தாதீர்கள். ஒரு மாதம்கூட வேண்டாம். "கெட்டுப்போன சாமானுக்கு எதற்குப் பணம்" என்று நினைப்பது மனித இயல்பு. என்னிடம் வந்த எத்தனையோ பேர் அப்படித்தான் நினைத்தார்கள், நியாயம் அவர்கள் பக்கமே இருந்தும் தோற்றுப்போனார்கள். உங்கள் கார் கடன் வாடகைக் கொள்முதல் (hire purchase) வகை. அதில் கடன் தீரும்வரை கார் சட்டப்படி வங்கியுடையது. 1967-ஆம் ஆண்டின் வாடகைக் கொள்முதல் சட்டப்படி, தொடர்ந்து இரண்டு தவணை விட்டால் வங்கி உங்களுக்கு நோட்டீஸ் அனுப்பலாம். 21 நாள் கெடு முடிந்ததும் வண்டியை இழுத்துக்கொண்டு போகலாம். இவ்வளவு குறைவாகக் கட்டியிருக்கும்போது அதற்கு நீதிமன்ற உத்தரவும் தேவையில்லை.

இழுத்துப்போன பிறகு நடப்பதைப் பலர் யோசிப்பதில்லை. கார் ஏலத்துக்குப் போகும். அந்தக் கார்தான் உங்கள் ஒரே சாட்சி. எந்த நிபுணரைக் கூப்பிட்டாலும் அவர் ஓட்டிப் பார்க்க வண்டி இருக்காது. டிரைவ் ஷாஃப்ட்டா, ரிம்மா என்று யாராலும் இனிச் சொல்ல முடியாது, வழக்கு அங்கேயே செத்துவிடும். ஏலத்தில் விழும் தொகை கடனுக்குப் போதாமல் போனால் மிச்சத்தை உங்களிடம் கேட்பார்கள். உங்களால் முடியாவிட்டால் தம்பியிடம் போவார்கள். அவர் பெயரும் வங்கிப் பதிவில் கெடும். அவருக்கும் ஒரு வீட்டுக் கடன் எடுக்கும் வயதுதான் என்று எழுதியிருக்கிறீர்கள். அக்காவுக்காகப் போட்ட ஒரு கையெழுத்துக்கு அவர் இந்த விலை கொடுக்கக் கூடாது.

சாவியை ஷோரூம் மேசையில் வைத்துவிட்டு வருவதும் இதே கதைதான். நிராகரிப்பு என்றால் காரணத்தைச் சொல்லி அறிவிப்பது, அதையும் எழுத்தில் செய்வதுதான் பாதுகாப்பு. கோபத்தில் சாவியைப் போடுவது கணக்கில் வராது, தவணையும் ஓடிக்கொண்டே இருக்கும். கடிதம் எழுதும்போது வங்கிக்கும் ஒரு பிரதி போகட்டும். அதே வாடகைக் கொள்முதல் சட்டத்தின் பிரிவு 7-இல் தரம் பற்றிய பொறுப்பு உரிமையாளரான வங்கிக்கும் இருக்கிறது. தவணையை ஒழுங்காகக் கட்டுகிறவர் அனுப்பும் கடிதத்துக்கு வங்கியில் ஒரு மரியாதை உண்டு.

ரோட்டோர டயர் கடையில் புது ரிம் போட்டுப் பார்க்கலாம் என்றும் கேட்டிருந்தீர்கள். வேண்டாம். பழைய ரிம் கழன்ற அன்றே உங்கள் ஆதாரம் பாதி போய்விடும்.

பயனீட்டாளர் புகார்களை விசாரிக்கும் நடுவர் மன்றம் பற்றி ஒரு வார்த்தை. அங்கே வரம்பு 50,000 வெள்ளி. காரின் முழு விலையைக் கேட்டால் மீதியை நீங்களாகவே கைவிட வேண்டும், கைவிட்டதை அப்புறம் வேறெங்கும் கேட்க முடியாது. பழுதுச் செலவுக்கோ மதிப்புக் குறைவுக்கோ என்றால் அது நல்ல இடம், வழக்கறிஞர் இல்லாமலே பேசலாம். முழு விலை என்றால் செஷன்ஸ் நீதிமன்றம், நிபுணர் கட்டணம், வருடக்கணக்கு.

அதனால் நேராகவே சொல்கிறேன்: புதுக் கார் கேட்டுச் சண்டை போடாதீர்கள், சமரசத்துக்குப் போங்கள். நான்காவது முறை ஈப்போவுக்குப் போய் போர்மேனைப் பக்கத்தில் உட்காரவைத்து ஓட்டுங்கள். எந்த வேகத்தில், மிதிக்கும்போதா விடும்போதா என்பது ஜாப் ஷீட்டில் வரட்டும். "அதிர்வுப் புகார், நான்காம் முறை" என்ற சொற்கள் வராமல் கையெழுத்துப் போடாதீர்கள். முந்தின இரண்டு வருகைகளும் அதிர்வுக்காகத்தான் என்று அன்றைக்கே ஒரு மின்னஞ்சலும் அனுப்புங்கள். அப்புறம் கேளுங்கள்: குறையுள்ள பாகத்தை அவர்கள் செலவில் மாற்றுவது, அதுவரை ஓட்ட ஒரு கார், மாற்றிய பாகத்துக்குக் கூடுதல் வாரண்டி, அலைச்சலுக்கு ஒரு தொகை. உங்கள் காகிதம் சரியாக இருந்தால் இவ்வளவும் கேட்டு வாங்கக்கூடியவைதான்.

அவர்கள் நீட்டும் ஒப்புதல் தாளில் "இந்தக் கார் சம்பந்தமான எல்லாக் கோரிக்கைகளும் முடிந்தன" என்று இருந்தால் கையெழுத்து வேண்டாம். "இந்த அதிர்வு சம்பந்தமாக" என்று திருத்தச் சொல்லுங்கள். நாளைக்கு பேட்டரியில் ஒரு கோளாறு வந்தால் அதற்கும் சேர்த்து இன்றே எழுதிக் கொடுத்தவராக நீங்கள் நிற்கக் கூடாது. மறுத்தால் தாளைப் படம் எடுத்து எனக்கு அனுப்பிவிட்டு வீட்டுக்கு வந்துவிடுங்கள். இந்த மாதத் தவணையை மட்டும் தேதி தவறாமல் கட்டுங்கள்.