மழைக்கால உப்பும் மிளகு போட்ட கற்பூரமும்

இந்தத் தடவை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் அடுப்படியிலிருந்து வந்தவை. எனக்கு அதில் சந்தோஷம்தான். தேர்வு வினாத்தாளைப் படம் பிடித்து அனுப்பியவர்கள் மன்னிக்கவும், வீட்டுப்பாடம் எழுதித் தருவதில்லை.

கேள்வி: ஐப்பசி பிறந்துவிட்டால் கல்லுப்பு ஜாடியில் தண்ணீர் நிற்கிறது. பாக்கெட் தூள் உப்புக்கு ஒன்றும் ஆவதில்லை. கல்லுப்பில் கலப்படம் செய்கிறார்களா சார்?

பதில்: கலப்படம் இல்லை. கடலிலிருந்தே கூட வந்த ஆள் ஒருவர் இருக்கிறார், மக்னீசியம் குளோரைடு. சுத்தமான சாப்பாட்டு உப்பு, அதாவது சோடியம் குளோரைடு, காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 75 சதவீதத்தைத் தாண்டினால்தான் நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். மக்னீசியம் குளோரைடுக்கு 33 சதவீதமே போதும். நம் ஊரில் காற்று அந்த அளவுக்குக் கீழே காய்வதே அபூர்வம். அதனால் கல்லில் அது துளி ஒட்டியிருந்தாலும் வருஷம் முழுக்கப் பிசுபிசுக்கும், மழைக்காலத்தில் ஒழுகவே ஆரம்பித்துவிடும்.

அது எப்படி உப்போடு வந்தது என்பதற்குத் தூத்துக்குடி, வேதாரண்யம் பக்கத்து உப்பளங்களுக்குப் போக வேண்டும். கடல்நீரில் கரைந்திருப்பது ஒரே உப்பு அல்ல, பல உப்புகள் சேர்ந்து சுமார் 3.5 சதவீதம். வெயிலில் நீர் வற்ற வற்ற ஒவ்வொன்றாகத் தெவிட்டி, அதாவது மேற்கொண்டு கரைந்திருக்க முடியாமல், வெளியே வரும். முதலில் கால்சியம் கார்பனேட், அப்புறம் ஜிப்சம். உப்பு நீரின் அடர்த்தியை அளக்கும் பாமி மானி 25 டிகிரியைக் காட்டும் சமயத்தில் (இது சூட்டு டிகிரி அல்ல) நம் உப்பு பாத்தியில் படியத் தொடங்கும். 29, 30 டிகிரியைத் தொட்டால் மிச்ச நீரை வடித்துவிட வேண்டும். மக்னீசியம் உப்புகள் எல்லாம் அந்த நீரில்தான் சேர்ந்திருக்கும், நாக்கில் பட்டால் கசக்கும். வடிக்கத் தாமதமானாலோ, வாரிய உப்பில் அந்த நீர் சரியாக வடியாவிட்டாலோ, அந்தக் கசப்பு நீர் கல்லோடு கல்லாக உங்கள் ஜாடிக்கு வந்துவிடும்.

இதைச் சுத்தம் செய்கிற வழி எனக்கு மிகவும் பிடித்தது: உப்பை உப்புத் தண்ணீரிலேயே கழுவுவது. 100 மில்லி நீரில் சுமார் 36 கிராம் உப்புதான் கரையும். அந்த அளவு கரைத்த பிறகு அது தெவிட்டிய கரைசல், மேற்கொண்டு ஒரு கல் உப்பைக்கூடக் கரைக்க அதனால் முடியாது. ஆனால் மக்னீசியம் குளோரைடை இன்னும் ஏற்றுக்கொள்ளும். ஆகவே கல் அப்படியே நிற்க, கசப்பு மட்டும் போய்விடும். ஆலைகளில் செய்வதும் இதுதான். ஆவணி வெயிலில் ஒரு தட்டு உப்பை இப்படி அலசிக் காயவைத்துப் பார்த்தேன். அடுத்த மழைக்கு அந்த உப்பு லேசாக நமுத்ததே தவிர, ஜாடியில் நீர் நிற்கவில்லை.

தூள் உப்பு உதிரியாக இருப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கட்டி பிடிக்காமல் இருக்க அதில் சிறிதளவு வேறொரு பொருளைச் சேர்ப்பார்கள். பாக்கெட்டின் பின்பக்கம் பொடி எழுத்தில் போட்டிருக்கும்.

கேள்வி: உலையில் உப்பு போட்டால் சீக்கிரம் கொதிக்கும் என்று மாமியார் சொல்கிறார். பாடப் புத்தகத்தில் நேர்மாறாக இருக்கிறது. யார் சொல்வது சரி?

பதில்: புத்தகம்தான் சரி, ஆனால் சாப்பாட்டு நேரத்தில் அதைச் சொல்லிக் காட்டாதீர்கள். உப்பு கொதிநிலையை உயர்த்தும். எவ்வளவு? மூன்று லிட்டர் உலையில் 20 கிராம் போட்டால் ஒரு டிகிரியில் பத்தில் ஒரு பங்கு. அடுப்புக்கு அது தெரியவே தெரியாது. கொடைக்கானலில் அதே உலை 93 டிகிரிவாக்கில் கொதித்துவிடும், பருப்பு வேக நேரமாகும். உப்பை விட ஊரின் உயரம்தான் பெரிய விஷயம்.

மாமியார் சொல்வதும் கண்ணால் கண்டதுதான். கொதிக்கப் போகிற நீரில் உப்பை அள்ளிப் போட்டதும் குபுக்கென்று பொங்கும். கல்லின் முனைகளிலும் அதோடு போன காற்றிலும் ஆவிக் குமிழிகள் பிறக்க இடம் கிடைக்கிறது, அவ்வளவுதான்.

கேள்வி: பால் கரைசலா, கலவையா? இரண்டு டியூஷன் சார்கள் இரண்டு விதமாகச் சொல்கிறார்கள்.

பதில்: ஒரு டம்ளர் பாலில் மூன்று சமாச்சாரம் ஒன்றாக இருக்கிறது. லாக்டோஸ் என்கிற பால் சர்க்கரை நீரில் கரைந்திருக்கிறது, அது கரைசல். கேசீன் புரதம் நுண்துகள்களாக மிதக்கிறது, அது கூழ்மம். கொழுப்போ சின்னச் சின்ன உருண்டைகளாக நிற்கிறது, அது பால்மம். பரீட்சையில் "கூழ்மம்" என்று எழுதினால் மதிப்பெண் உண்டு.

வீட்டில் பார்க்க ஒரு வழி: கண்ணாடி டம்ளர் நிறையத் தண்ணீரில் நாலைந்து சொட்டுப் பால் விட்டு, இருட்டு அறையில் பக்கவாட்டில் டார்ச் அடியுங்கள். ஒளிக்கற்றை நீருக்குள் கோடாகத் தெரியும். பக்கத்திலிருந்து பார்த்தால் லேசான நீலம், நேர் எதிரே நின்று பார்த்தால் செம்மஞ்சள். மாலைச் சூரியன் சிவப்பதும் இதே கணக்குதான். உப்புத் தண்ணீரில் இந்தக் கோடு விழாது.

கேள்வி: கற்பூரத்தோடு நாலு மிளகு போட்டு வைத்தால் கரையாது என்கிறார்களே?

பதில்: மிளகு பாவம், ஒன்றும் செய்வதில்லை. கற்பூரம் திடநிலையிலிருந்து நேராக ஆவியாகிறது. அதற்குப் பதங்கமாதல் என்று பெயர். மூடி இறுக்கமான சின்ன டப்பாவில் அந்த ஆவி கொஞ்சம் நிறைந்ததும், வெளியேறுவதும் திரும்பி வந்து ஒட்டுவதும் சமமாகிவிடும், கட்டி நிற்கும். மிளகு போடுகிறவர்கள் வழக்கமாக டப்பாவையும் நன்றாக மூடி வைப்பார்கள். பெயர் மிளகுக்குப் போய்விடுகிறது.

இதையொட்டி ஒரு திருத்தம். "அயோடின் உருகாது" என்று பிள்ளைகள் மனப்பாடம் செய்கிறார்கள். உருகும், சுமார் 114 டிகிரியில். கற்பூரமும் 175 டிகிரிக்குச் சற்று மேலே உருகும். சாதாரணக் காற்றழுத்தத்தில் நிஜமாகவே திரவமாகாதது உலர் பனிக்கட்டிதான், அதாவது திட நிலையிலுள்ள கார்பன் டை ஆக்சைடு. கார்பன் டை ஆக்சைடு திரவமாக இருக்க ஐந்து மடங்குக்கு மேல் அழுத்தம் வேண்டும்.

கேள்வி: குல்பிக்காரர் ஐஸில் ஏன் உப்பு போடுகிறார்? ஐஸ் உருகிவிடுமே!

பதில்: உருகட்டும் என்றுதான் போடுகிறார். சர்க்கரை கரைந்த பால் 0 டிகிரியில் உறையாது, இன்னும் கீழே போக வேண்டும். வெறும் ஐஸ் 0 டிகிரியிலேயே நின்றுவிடும். உப்பு பட்ட ஐஸ் உருகும், உருகுவதற்கான வெப்பத்தைச் சுற்றியிருப்பதிலிருந்து பிடுங்கும், பானை மைனஸ் 10, 15 என்று இறங்கும். மூன்று பங்கு ஐஸுக்கு ஒரு பங்கு உப்பு என்று கணக்காகக் கலந்தால் மைனஸ் 21 வரை போகலாம். அந்தக் கலவையில் வெறும் கையை விடாதீர்கள், தோல் புண்ணாகிவிடும்.

கேள்வி: 50 மில்லி தண்ணீர், 50 மில்லி ஆல்கஹால். கூட்டினால் 100 வரவில்லை.

பதில்: 96, 97 வாக்கில் வந்திருக்கும். சிந்தவில்லை, கவலை வேண்டாம். இரண்டின் மூலக்கூறுகளும் ஒன்றையொன்று ஈர்த்து நெருங்கி அமர்வதால் இடம் மிச்சமாகிறது. தனிம அட்டவணை தந்த மெண்டலீவ் 1865-இல் முனைவர் பட்டத்துக்கு ஆராய்ந்ததே ஆல்கஹாலும் நீரும் சேர்வதைத்தான். எடையைப் பாருங்கள், ஒரு கிராம்கூடக் குறைந்திருக்காது.

கேள்வி: தேன் அடியில் சர்க்கரையாக உறைந்துவிட்டது. ஏமாந்துவிட்டேனா?

பதில்: உறைந்ததை மட்டும் வைத்து அப்படிச் சொல்ல முடியாது. தேனில் ஐந்தில் நாலு பங்கு சர்க்கரை, அத்தனையையும் நிரந்தரமாகப் பிடித்து வைக்க அதிலுள்ள நீர் போதாது. அது அதிதெவிட்டிய கரைசல், குளுக்கோஸ் என்றைக்காவது படிகமாகத்தான் செய்யும். பாட்டிலை மூடி, கை பொறுக்கும் சூட்டு வெந்நீரில் வைத்தால் இளகிவிடும். அடுப்பில் நேராக வைக்க வேண்டாம், வாசனை போய்விடும்.