“வீட்டில் நடந்தது” என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டோம்: இனி நட்டஈடு கிடைக்குமா?

கேள்வி: எனது கணவர் முல்லைத்தீவு மாவட்டத்தில் ஒரு பிரதேச சபையில் ஆறு வருடமாக அமைய (நிரந்தரமில்லாத) ஊழியர். வறட்சிக் காலத்தில் கிராமங்களுக்குக் குடிதண்ணீர் கொண்டுபோகும் பவுசரில் உதவியாளாகப் போவார். நான்கு மாதத்துக்கு முன் ஒரு கோயிலடியில் தண்ணீர் இறக்கும்போது ட்ராக்டரின் பி.ரி.ஓ. சாஃப்ற்றில் (இயந்திரத்தின் சக்தியை வெளியே கொடுக்கும் சுழல் தண்டு) வலது கை அகப்பட்டு, சுட்டுவிரலும் நடுவிரலும் போய்விட்டன. சாஃப்ற்றுக்கு மூடி இல்லை என்று இவர் பல தடவை சொன்னவர், யாரும் கேட்கவில்லை. 1990 இலக்க இலவச அம்புலன்ஸ் வந்து ஏற்றியது. பொறுப்பான உத்தியோகத்தர் போனில், “பொலிஸ், ஓடிற் எண்டு எல்லாருக்கும் கரைச்சல். வீட்டுத் தோட்டத்தில தண்ணி மெஷின் பெல்ற் வெட்டினது எண்டு சொல்லுங்கோ, மிச்சத்தை நான் பாக்கிறன்” என்றார். பயத்தில் அப்படியே சொன்னோம். பிறகு அவர் ஆஸ்பத்திரிப் பக்கமே வரவில்லை. இவருக்குப் பின்னால் வந்தவர்களுக்கெல்லாம் நிரந்தர நியமனம் கிடைத்துவிட்டது. இப்போது ஊழியர்கள் சேர்த்த ஒன்றரை லட்சம் ரூபாவும் காவலாளி வேலையும் தருகிறோம், ஒரு கடிதத்தில் ஒப்பம் வையுங்கள் என்கிறார்கள். 20 லட்சம் எடுக்கலாம் என்று தெரிந்த ஒருவர் சொல்கிறார். அந்த உத்தியோகத்தரைச் சும்மா விடக்கூடாது. என்ன செய்யலாம்?

பதில்: தங்கச்சி, உங்கள் கடிதம் நான்கு பக்கம். நான் மேலே சுருக்கித் தந்திருக்கிறேன். அதில் மூன்று பக்கம் அந்த உத்தியோகத்தரைப் பற்றியது. அவர் ஆஸ்பத்திரிக்கு வராததும், ஒரு தோடம்பழம்கூட வாங்கித் தராததும், அவருடைய மனைவி சந்தையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனதும் சட்டத்துக்குத் தேவையில்லை. நிரந்தர நியமனம் வேறு விடயம், அதற்கு வேறு வழி. இரண்டையும் ஒன்றாகக் கட்டினால் இரண்டும் நின்றுவிடும். உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமான சொல் இரண்டே இரண்டு: “அப்படியே சொன்னோம்.”

1934 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் கேட்பது ஒன்றைத்தான். காயம் வேலையின்போது, வேலையின் காரணமாக வந்ததா? யாருடைய பிழை என்று அது கேட்பதில்லை. மூடி இருந்ததா, எத்தனை தடவை சொன்னார், யார் கேட்கவில்லை என்பதற்கெல்லாம் சாட்சி தேடி அலைய வேண்டாம். அமைய ஊழியருக்கு இந்தச் சட்டம் இல்லை என்று அலுவலகத்தில் யாராவது சொன்னால் அதையும் நம்ப வேண்டாம். முதலாளியின் தொழிலுக்காக வேலை செய்த அமைய ஊழியரும் இதற்குள் வருவார். இந்தச் சட்டத்துக்குச் சபையின் கடமை என்னவோ அதுதான் சபையின் தொழில். குடிதண்ணீர் கொடுப்பது சபையின் கடமை, அந்த வேலையில் நின்றவர் உங்கள் கணவர். அறிவித்தல், விண்ணப்பம், வேலையாட்கள் நட்டஈட்டு ஆணையாளர் முன் விசாரணை எல்லாம் தொழில் அலுவலகத்தில் கேட்டால் சொல்லித் தருவார்கள். இவ்வளவும் உங்கள் பக்கம். ஆனால் அன்று காலை அவர் கோயிலடியில் நின்றார் என்பதை நிரூபிக்க வேண்டியவர்களும் நீங்கள்தான். அவர் தோட்டத்தில் நின்றார் என்று உங்கள் வாயாலேயே எழுதிவைத்திருக்கிறீர்கள்.

அது எங்கே எழுதப்பட்டது என்று உங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். கை கிழிந்த ஆளைக் கொண்டுவந்ததும் வெளிநோயாளர் பிரிவில் டொக்டர் “எப்பிடி நடந்தது?” என்று கேட்டுக்கொண்டே ரிக்கற்றில் (நோயாளியின் விபரத் தாள்) ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதுவார்: வீட்டில் தண்ணீர் இறைக்கும் இயந்திரத்தில் கை அகப்பட்டதாம். அவர் விசாரிப்பதில்லை, சொன்னதை எழுதுகிறார். யாழ்ப்பாணத்துக்கு மாற்றும்போது அந்த வரி மாற்றல் கடிதத்துக்குப் போகும். அங்கே புது ரிக்கற்றில் ஏறும். துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பும்போது கையில் தரும் டயக்னோசிஸ் காட்டில் வரும். கிளினிக் கொப்பியிலும் இருக்கும். ஒரு தடவை சொன்ன பொய் நான்கு கடதாசியில் நான்கு சாட்சி மாதிரி நிற்கும். விசாரணை நாளில் சபையின் சட்டத்தரணிக்கு வேறு வேலை இல்லை, நாலையும் ஒவ்வொன்றாக வாசித்துவிட்டு இருந்துவிடுவார்.

இந்த இடத்தில்தான் வன்னியில் எங்கள் சனம் தொடர்ந்து விழுகிறது. பவுசர் மட்டுமில்லை, வீதி வேலை, குப்பை ட்ராக்டர், லைன் இழுக்கிற வேலை எல்லாவற்றிலும் இதே கதைதான். பொலிஸ் என்ற சொல்லைக் கேட்டால் வாய் அடைத்துவிடும், மேலிடத்தில் சொன்னதைச் சொல்லிவிடுவார்கள். அதோடு போனால் பரவாயில்லை. சொன்னது பிழை என்று பிறகு தெரிந்ததும் அதைத் திருத்தப் போகிறார்கள், கோரிக்கை செத்துப்போவது அப்போதுதான்.

சிலர் தெரிந்த அற்றெண்டனைப் பிடித்து ரிக்கற்றில் ஒரு சொல்லை மாற்றப் பார்ப்பார்கள். அந்தப் பக்கம் தலை வைத்தும் படுக்காதீர்கள். மை வேறு, எழுத்து வேறு என்று ஒரு தடவை கண்டுவிட்டால், நட்டஈடு கேட்க வந்தவர் குற்றவாளிக் கூண்டில் நிற்பார். வேறு சிலர் பத்துப் பேரிடம் சத்தியக் கடதாசி எடுத்துக்கொண்டு வருவார்கள். பத்தும் ஒரே கடையில் தட்டச்சு, ஒரே வசனம், பெயர் மட்டும் வேறு, எல்லாவற்றிலும் ஒரே சமாதான நீதவானின் முத்திரை. பத்துச் சத்தியக் கடதாசி பத்துச் சாட்சி ஆகாது. அதில் ஒருவர் குறுக்கு விசாரணையில் தடுமாறினால் மற்ற ஒன்பதும் அவரோடு போய்விடும். இன்னொரு புத்திசாலித்தனமும் உண்டு: “அவர் மயக்கத்தில கிடந்தவர், கூட வந்த ஆரோ சொன்னது.” நீங்கள் எனக்கு எழுதியதே “சொன்னோம்” என்றுதான். நாளைக்கு உங்களைக் கூண்டில் ஏற்றிக் கேட்டால் எதைச் சொல்வீர்கள்?

ஆகவே பொய் சொன்னதை நீங்களே முதலில் சொல்ல வேண்டும். எதிர்ப்பக்கம் கிண்டி எடுத்தால் அது உங்களை அடிக்கும். நீங்கள் முன்னுக்கு வைத்தால் அதற்கு ஒரு விளக்கம் இருக்கிறது: யார் சொல்லச் சொன்னார், எத்தனை மணிக்கு, எந்த போனுக்கு அழைப்பு வந்தது, ஏன் பயந்தீர்கள். ஆணையாளருக்கு எழுதும் விண்ணப்பத்திலும், சபைச் செயலாளருக்குப் பதிவுத் தபாலில் போடும் கடிதத்திலும், பொலிஸில் முறைப்பாடு செய்தால் அங்கும் ஒரே விதமாக, ஒரே வரிசையில் இருக்க வேண்டும். “கல்நெஞ்சக்காரர்”, “மனிதாபிமானமற்ற” மாதிரிச் சொற்கள் ஒன்றும் வேண்டாம். அவை வந்தால் வாசிப்பவருக்கு இது கோபத்தில் எழுதியது என்று பட்டுவிடும். எழுதுமுன் சட்டத்தரணி ஒருவரிடம் காட்டுங்கள். பொலிஸுக்குப் போவதா இல்லையா என்பதையும் அவர் முடிவெடுக்கட்டும்.

அதற்குப் பிறகு வாய்ச் சாட்சியில் தங்கியிராத சாட்சி வேண்டும். அன்றைய செக்றோலில் (வரவுப் பதிவு) உங்கள் கணவருக்கு வரவு போட்டிருக்கிறதா, அந்த நாளுக்குச் சம்பளம் கொடுத்திருக்கிறார்களா? கொடுத்திருந்தால், தோட்டத்தில் நின்றவருக்குச் சபை ஏன் சம்பளம் கொடுத்தது? பவுசரின் றணிங் சாட்டில் (வண்டி ஓடிய பதிவு) அன்று எந்தக் கிராமம், எத்தனை மணி என்று இருக்கும். அன்றோ அடுத்த நாட்களிலோ சாஃப்ற்றுக்கு மூடி போட்டிருந்தால் அதற்கு ஒரு வவுச்சர் இருக்கும். இவற்றை அலுவலகத்தில் தெரிந்தவர் மூலம் இரகசியமாகப் போட்டோ எடுக்க வேண்டாம். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் பிரதிகளை எழுத்தில் கேளுங்கள். 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். தராவிட்டால் மேன்முறையீடு உண்டு. சண்டை தொடங்க முன் இதைச் செய்யுங்கள், சண்டை தொடங்கினால் கொப்பிகள் “வெள்ளத்தில நனைஞ்சிட்டுது” என்று கேட்பீர்கள்.

எல்லாவற்றையும்விடப் பெரியது உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் எழுதிய ஒரு வரி, 1990 அம்புலன்ஸ். அழைப்பு எங்கிருந்து வந்தது, எத்தனை மணிக்கு, வண்டி எங்கே போய் ஆளை ஏற்றியது என்று அவர்கள் பதிந்திருக்க வேண்டும். கோயிலடியில் ஏற்றியது என்று ஒரு அரச நிறுவனத்தின் பதிவு சொன்னால், ரிக்கற்றில் இருக்கும் “வீட்டில்” என்ற சொல் ஆட்டம் காணும். உங்கள் வீட்டுக்கும் அந்தக் கோயிலுக்கும் எத்தனை கிலோமீற்றர் என்று கிராம அலுவலரிடம் ஒரு கடிதமும் எடுத்துவையுங்கள். அம்புலன்ஸ் பதிவையும் தகவலறியும் உரிமையின் கீழ் இந்த வாரமே கேளுங்கள். முடிந்தால் அன்று 1990 க்கு அழைத்த போனில் அந்த அழைப்பின் படத்தையும் எடுத்துவையுங்கள். போன் உடைந்தால், விற்றால், அது போய்விடும்.

இனி அந்தக் கடிதம். நீங்கள் அனுப்பிய போட்டோவில் வாசித்தேன். “எனக்கு இனி எந்தக் கோரிக்கையும் இல்லை” என்ற கடைசி வசனத்துக்குத்தான் நீங்கள் பயப்படுகிறீர்கள். அது அவ்வளவு பயங்கரமில்லை. ஆணையாளருக்கு வெளியே நட்டஈட்டு உரிமையை விட்டுக்கொடுத்து எழுதும் கடதாசியைச் சட்டம் மதிப்பதில்லை. என்னைத் தூக்கிவாரிப் போட்டது முதல் வசனம்: “எனது வீட்டில் ஏற்பட்ட விபத்தினால் நான் பாதிக்கப்பட்டமையால்…” இதில் ஒப்பம் வைத்தால் ரிக்கற்றில் இருக்கும் பொய்யை நான்கு மாதம் கழித்து, வலி ஆறிய பிறகு, யாரும் போனில் சொல்லாமல், உங்கள் கணவர் எழுத்தில் உறுதிப்படுத்துகிறார் என்று ஆகும். அப்போது பயத்தில் சொன்னோம் என்ற விளக்கமும் செத்துப்போகும். இந்தக் கடிதத்தைத் தட்டச்சு செய்தவருக்கு எங்கே கத்தி வைப்பது என்று தெரிந்திருக்கிறது.

ஊழியர்கள் சேர்த்த பணத்தை வாங்குங்கள். அது அவர்களுடைய அன்பளிப்பு, சபையின் நட்டஈடு அல்ல. “ஊழியர்களின் அன்பளிப்பாகப் பெற்றுக்கொண்டேன்” என்று மட்டும் எழுதிப் பற்றுச்சீட்டுக் கொடுங்கள். விபத்து எங்கே நடந்தது என்று அதில் ஒரு சொல்லும் இருக்கக்கூடாது. காவலாளி வேலையையும் எடுங்கள், இரண்டு விரல் போன கையோடு பவுசரில் ஏற முடியாது. இரண்டுக்கும் பதிலாக எதையும் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

20 லட்சம் என்று சொன்னவர் யாரோ தெரியாது. 2022 ஆம் ஆண்டுத் திருத்தத்தில் உச்சத்தொகை 550,000 ரூபாவிலிருந்து 20 லட்சமாக உயர்ந்தது உண்மை. அது உச்சம். இரண்டு விரலுக்கு உழைப்புத் திறனில் எத்தனை வீதம் போனது என்று பார்த்து, அவருடைய சம்பளத்தோடு அட்டவணையில் பொருத்தித்தான் உங்கள் தொகை வரும். 20 லட்சத்தை மனதில் வைத்துக்கொண்டு பேசப் போனால், நியாயமான தொகை வரும்போதும் வேண்டாம் என்பீர்கள்.

வெளிப்படையாகச் சொல்கிறேன், இது இணக்கத்தில் முடிக்க வேண்டிய விடயம். உங்கள் பக்கம் உண்மை இருக்கிறது, கடதாசி அவர்கள் பக்கம். அம்புலன்ஸ் பதிவும் செக்றோலும் கையில் வந்ததும் செயலாளரோடு பேசுங்கள். விபத்து வேலையில் நடந்தது என்று சபை ஏற்றுக்கொண்டு, தொகையை ஆணையாளர் முன் உடன்படிக்கையாகப் பதிந்து முடிப்பதுதான் நல்ல வழி. அதற்கு நீங்கள் கொடுக்க வேண்டிய விலை அந்த உத்தியோகத்தர். அவர்மேல் தனி முறைப்பாடு, மனித உரிமைகள் ஆணைக்குழு எல்லாவற்றையும் விட்டுவிடுங்கள். கோபம் வரும், தெரியும். ஆனால் கோயிலடியில் கண்ணால் கண்ட ஒரே ஆள் ட்ராக்டர் சாரதி. அவர் அந்த உத்தியோகத்தருக்குக் கீழேதான் இன்னும் பத்து வருடம் வேலை செய்ய வேண்டும். நீங்கள் உத்தியோகத்தரைத் தொட்ட அன்று சாரதிக்கு ஞாபகமறதி வந்துவிடும்.

மாவட்ட நீதிமன்றத்தில் தீங்குக்கு நட்டம் கேட்கலாமா என்றும் எழுதியிருக்கிறீர்கள். கேட்கலாம், அதற்கும் ஒரு காலவரை உண்டு. ஆனால் அங்கே வழக்குப் போட்டால் கட்டளைச் சட்டத்தின் கீழ் நட்டஈடு கேட்க முடியாது, ஆணையாளரிடம் கோரினால் அங்கே போக முடியாது. அங்கே பிழையையும் நிரூபிக்க வேண்டும். வருடக்கணக்கில் வவுனியாவுக்கும் முல்லைத்தீவுக்கும் தவணைக்கு ஓடக்கூடிய குடும்பமா உங்கள் குடும்பம்?

தொகையைப் பேச முன் ஒரு விடயம். கிளினிக்கில் டொக்டர் “இனி இதுக்கு மேல கை திரும்பாது” என்று எழுதித் தரும்வரை வீதத்துக்கு ஒத்துக்கொள்ள வேண்டாம். தையல் ஆறியவுடன் எடுக்கும் சான்றிதழில் பிடிமானம் எவ்வளவு குறைந்தது என்பது வராது. மற்ற இரண்டு விரலும் விறைத்துப்போவது சில மாதம் கழித்துத்தான் தெரியும்.

கடைசியாக, உங்கள் கணவர் வலது கைக்காரர். இப்போது அவருடைய ஒப்பம் பழைய ஒப்பம் மாதிரி இராது. அடையாள அட்டை, வங்கி, சபைக் கோப்பு எல்லாவற்றிலும் பழையதுதான் இருக்கிறது. விண்ணப்பத்தில் வைக்க முன் வங்கிக்குப் போய்ப் புது ஒப்பத்தைப் பதிந்துவிட்டு வாருங்கள். இல்லாவிட்டால் காசோலை வந்த அன்று மாற்ற முடியாமல் நிற்பீர்கள்.