கேள்வி நேரம்: பைலட்டுக்கு டூட்டி முடிந்துவிட்டதாம்!

திருச்சி வாசகர்: மழையால் மூன்று மணி நேரம் தாமதம். ஒருவழியாக ஏறி உட்கார்ந்தோம், கதவையும் சாத்திவிட்டார்கள். அப்புறம் 'பைலட்டுக்கு டூட்டி நேரம் முடிந்துவிட்டது' என்று எல்லாரையும் இறக்கிவிட்டார்கள். மணி அடித்ததும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்ப இது என்ன ஆபீஸா சார்?

பதில்: கோபம் நியாயம்தான், அதை அந்த பைலட் மேல் மட்டும் காட்டாதீர்கள். அவருடைய டூட்டிக் கணக்கு விமானம் கிளம்பும்போது தொடங்குவதில்லை, ஏர்போர்ட்டுக்கு வந்து ரிப்போர்ட் செய்த நிமிடமே தொடங்கிவிடும். நீங்கள் காத்திருந்த நேரமெல்லாம் அவருக்கும் ஓடிக்கொண்டுதான் இருந்திருக்கும். இது போக, பறக்கும் நேரத்துக்குத் தனி வரம்பு: 7 நாளில் 35 மணி, 28 நாளில் 100 மணி, வருஷத்துக்கு 1000 மணி. எதிர்பாராத தாமதம் என்றால் கொஞ்சம் நீட்டிக்க விதியில் இடம் உண்டு, அதையும் தாண்டிவிட்டால் கேப்டனே ஆசைப்பட்டாலும் கிளம்ப முடியாது. திட்டியே ஆக வேண்டுமென்றால், மாற்று ஆளைத் தயாராக வைக்காத நிறுவனத்தைத் திட்டுங்கள்.

மதுரை வாசகி: 2025 டிசம்பரில் இண்டிகோ விமானங்கள் அத்தனை ரத்தானதே, பைலட்டுகளுக்கு ஓய்வு கொடுத்ததாலா?

பதில்: ஓய்வு கொடுக்க வேண்டும் என்று தெரிந்தும் அதற்கு ஏற்பாடு செய்யாததால். வார ஓய்வை 36 மணியிலிருந்து 48 ஆக்கி, இரவு நேரத் தரையிறக்கத்தை ஆறிலிருந்து இரண்டாகக் குறைத்து, விமானத் துறையைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான டிஜிசிஏ விதி வெளியிட்டது 2024 ஜனவரியில். நிறுவனங்கள் இழுத்தடித்து, விஷயம் டெல்லி உயர் நீதிமன்றம் வரை போய், கடைசிப் பகுதி அமலுக்கு வந்தது 2025 நவம்பர் 1. அவகாசம் தாராளமாகவே இருந்தது. டிசம்பர் 5 அன்று மட்டும் ஆயிரத்துக்கும் மேல் ரத்து. கடைசியில் என்ன ஆயிற்று தெரியுமா? இரவு விதிகளில் சிலவற்றிலிருந்து 2026 பிப்ரவரி 10 வரை அந்த நிறுவனத்துக்கு விலக்கு! படிக்காமல் வந்த பையனுக்காகப் பரீட்சையைத் தள்ளிவைத்த கதைதான்.

கோவை வாசகர்: கேப்டன் தப்பு செய்கிறார் என்று தெரிந்தால் கோ-பைலட் தடுக்க முடியாதா? சும்மா பக்கத்தில் உட்கார்ந்திருக்க அவர் எதற்கு?

பதில்: தடுக்கலாம், தடுத்தே ஆகவேண்டும் என்றுதான் விதி. ஆனால் காக்பிட்டுக்குள், அதாவது விமானி அறைக்குள், நடப்பதே வேறு. 1977 மார்ச் 27, கானரித் தீவுகளில் டெனரீஃப். பக்கத்துத் தீவு விமான நிலையத்தில் குண்டு வெடித்ததால் பல விமானங்களை இங்கே திருப்பிவிட்டிருந்தார்கள், கூடவே மூடுபனி வேறு. நெதர்லாந்தின் கே.எல்.எம். நிறுவன விமானத்தின் கேப்டன் அந்த நிறுவனத்தின் மூத்த பயிற்சியாளர், பக்கத்தில் இருந்த கோ-பைலட்டுக்கு அந்த ரக விமானத்துக்குத் தகுதிச் சான்று கொடுத்ததே அவர்தான். நெதர்லாந்தில் அப்போது டூட்டி நேர விதிகளைக் கடுமையாக்கியிருந்தார்கள். இன்னும் தாமதமானால் அன்றிரவு ஆம்ஸ்டர்டாம் திரும்ப முடியாது, அந்த அவசரம் அவருக்கு. அனுமதி வருமுன்பே அவர் வேகத்தைக் கூட்ட, 'இன்னும் க்ளியரன்ஸ் வரவில்லை' என்று கோ-பைலட் ஒருமுறை தடுத்தார். இரண்டாம் முறை கேப்டன் கிளம்பியபோது அவர் தடுக்கவில்லை. பின்னால் இருந்த ஃப்ளைட் இன்ஜினியர்தான் அதே ஓடுபாதையில் எதிரே இருந்த பான் ஆம் நிறுவன விமானம் பாதையை விட்டு விலகிவிட்டதா என்று கேட்டார். கேப்டன் அடித்துச் சொன்னார், விலகிவிட்டது என்று. விலகியிருக்கவில்லை. இரண்டும் மோதி 583 பேர் செத்தார்கள்.

பாருங்கள், பாதுகாப்புக்கென்று போட்ட டூட்டி விதியே அங்கே அவசரத்தை உண்டாக்கியிருக்கிறது. அட்டவணையை மூச்சுவிட இடமில்லாமல் இறுக்கிவிட்டு விதியை மட்டும் வைத்தால் இப்படித்தான், அந்த அவசரம் காக்பிட்டுக்குள்ளேயும் ஏறி உட்கார்ந்துகொள்ளும்.

நம் பக்கத்தில் 2020 ஆகஸ்ட் 7, கோழிக்கோடு. ஈர ஓடுபாதை, பின்னாலிருந்து காற்று. 8,858 அடி ஓடுபாதையில் கிட்டத்தட்ட 4,438 அடி தாண்டித்தான் சக்கரம் தரையைத் தொட்டது. 'கோ அரவுண்ட்', அதாவது இறங்காமல் மறுபடி மேலே ஏறுங்கள் என்று கோ-பைலட் சொல்லியும் கேப்டன் இறக்கினார், கோ-பைலட்டும் கட்டுப்பாட்டைத் தன் கைக்கு எடுக்கவில்லை. 21 பேர் உயிர் போனது. விசாரணை அறிக்கை இன்னொன்றையும் சொல்கிறது: மறுநாள் காலை கோழிக்கோட்டிலிருந்து கிளம்பும் விமானமும் அதே கேப்டனுக்குத்தான் போட்டிருந்தது, அங்கே போதுமான கேப்டன்கள் இல்லை. வேறு ஊரில் இறங்கினால் மறுநாள் விமானத்துக்கு யார்? 2010 மங்களூரு விபத்திலும் கோ-பைலட் மேலே ஏறச் சொல்லியிருக்கிறார், கேப்டனோ பயணத்தில் நெடுநேரம் தூங்கிவிட்டு, இறங்குவதற்குச் சற்று முன்புதான் எழுந்தவர். 158 பேர்.

1978-ல் அமெரிக்காவின் போர்ட்லாண்டில் சக்கரப் பிரச்சினையையே பார்த்துக்கொண்டிருந்து எரிபொருள் தீர்ந்து ஒரு விமானம் விழுந்தது. அதன் பிறகுதான் குழுவாக வேலை செய்வதற்கென்றே தனிப் பயிற்சி வந்தது, யுனைடெட் நிறுவனம் 1981-ல் தொடங்கியது. இன்று கோ-பைலட் சொன்னாலும் கோ அரவுண்ட்தான், காரணத்தைக் கீழே இறங்கிய பிறகு பேசிக்கொள்ளலாம். கேப்டன் காது கொடுக்கவில்லையென்றால் 'ஐ ஹேவ் கன்ட்ரோல்' என்று சொல்லிவிட்டுக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். 'சார்' போட்டே பேசிப் பழகிய நம்மவர்களுக்கு அந்த ஒரு வரி வாயில் வருவது லேசில்லை.

சென்னை வாசகி: ஜன்னலோரம் உட்காரும்போது எஞ்சினில் ஏதோ தப்பாகத் தெரிந்தால் சொல்லலாமா, சிரிப்பார்களா?

பதில்: தாராளமாகச் சொல்லுங்கள். 1989 ஜனவரியில் இங்கிலாந்தின் கெக்வொர்த் அருகே விழுந்த விமானத்தில் கோளாறு இடது எஞ்சினில், பைலட்டுகள் நிறுத்தியது நன்றாக ஓடிய வலது எஞ்சினை. வலப்பக்கம் பிரச்சினை என்று கேப்டன் மைக்கில் அறிவித்தபோது, இடப்பக்கம் தீப்பொறி பறந்ததைப் பார்த்த பயணிகள் குழம்பினார்கள், பின்னால் இருந்த விமானப் பணியாளர்கள் சிலரும் அதைப் பார்த்திருந்தார்கள், ஆனால் ஒருவர்கூட முன்னால் போய்ச் சொல்லவில்லை. 47 பேர் இறந்தார்கள். அழைப்பு பட்டனை அமுக்குங்கள், எந்தப் பக்கம், என்ன பார்த்தீர்கள், அவ்வளவுதான். வீடியோ எடுப்பதை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.